துணைமாலையம்மாளின் வலது கை

விருதுநகர் மாவட்டம் திருச்சுழிக்குக் கிழக்கே ஏழு கல் தொலைவிலுள்ள பரளிக்குளம் பேரூரில், வடக்கு ரத வீதி பதினான்காம் எண் இல்லத்தில் வசிப்பவரும், காலஞ்சென்ற பிச்சாண்டி அவர்களின் மூத்த குமாரரும், எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்றபோதும் பொட்டலம் மடித்து வந்த தாள்களையும் திருமண அழைப்பிதழ்களையும் தேர்தல் துண்டறிக்கைகளையும் படித்துப் படித்தே பிழையற எழுதக் கற்றவரும், ‘பூரணி ஸ்டோர்ஸ்’ என்னும் நான்கு வாசல் கடைக்கு விளம்பர வாசகங்களை முப்பத்தோராண்டுக் காலம் இயற்றிக் கொடுத்தவருமான திருவாளர் பி. திருமேனிநாதன் அவர்களுக்கு அகவை அறுபத்தொன்பது நிறைந்து நான்கு திங்கள் ஆகியிருந்தபோதுதான், இறந்துபோன அவர் மனைவியின் வலது கை ஊருக்குத் திரும்பி வந்தது.

திருச்சுழிக் கோயிலில் உறையும் இறைவனுக்குத் திருமேனிநாதர் என்றும் இறைவிக்குத் துணைமாலை என்றும் பெயர். அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் பலருக்கு இவ்விரு பெயர்களும் உண்டு. அவ்வாறு பெயர் வாய்த்த இருவருக்கு வேறு பொருத்தம் பார்ப்பது தெய்வக் குற்றம் என்று பெரியவர்கள் முடிவுகட்டி, நாற்பது ஆண்டுகளுக்கு முன் மணம் செய்து வைத்தார்கள். பிள்ளை பிறக்கவில்லை. கணவருக்கு எழுத்தே உலகமாக இருக்க, மனைவிக்குக் கையெழுத்துப் போடவும் வராது. ஆனால் அவர் தொட்டு எடுத்த பொருள் ஒன்றும் சோடை போனதில்லை. அம்மையார் சந்தையில் ஒரு பொருளைத் தொடுவதற்கு முன் இடக்கையால் வலக்கை வளையல்களை முழங்கைப் பக்கமாகத் தள்ளிவிட்டுக்கொள்வார். சிறுமியாக இருந்தபோது கதவிடுக்கில் நசுங்கி அன்றுமுதல் மடங்காமற்போன சுண்டுவிரல், மற்ற விரல்களெல்லாம் உழைத்துக்கொண்டிருக்க, தான் மட்டும் கல்யாண வீட்டுச் சம்பந்தியைப் போல விறைத்துத் தனியே நிற்கும். கத்தரிக்காயைக் காம்பின் கீழே கட்டைவிரலால் அழுத்துவார், தேங்காயை நகத்தால் இரண்டே முறை சுண்டிவிட்டுக் காதருகே கொண்டுபோவார், சேலையென்றால் விரல்நுனியை நாவில் நனைத்து முந்தானை ஓரத்தைத் தேய்த்து, தேய்த்த விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிடிக்கவில்லையென்றால் வாயால் எதுவும் சொல்லாமல் புறங்கையால் அந்தப் பொருளை ஒரு சாண் தூரம் தள்ளிவைப்பார், அவ்வாறு தள்ளிவைக்கப்பட்டதை அன்றைக்கு வேறு எவரும் வாங்கமாட்டார்கள்.

முந்தைய ஆண்டு ஆனி மாதத்தில் அம்மையார் காலமானார். அதன்பின் திருமேனிநாதன் தாமே கடைகண்ணிக்குப் போகலானார். அவர் வாங்கிய கத்தரிக்காயில் புழு இருந்தது, தேங்காயில் தண்ணீர் இல்லை, துவரம்பருப்பில் கல் இருந்தது, புதுத் துண்டால் முகம் துடைத்தால் முகம் ஊதாவாயிற்று. குக்கருக்கு வாங்கிய ரப்பர் வளையம் ஒரு விரற்கடை பெரிதாக இருந்தது, கைப்பேசியில் படம் பார்த்து வரவழைத்த எட்டு முழ வேட்டி ஒரு தலையணை உறை அளவில் வந்து சேர்ந்தது, வரிசையில் நின்று பணம் கொடுக்கும் இடத்துக்கு வந்தால் இயந்திரம் பழுது என்றார்கள், சில்லறைக்குப் பதிலாகப் புளிப்பு மிட்டாயைக் கையில் வைத்தார்கள். இவையெல்லாம் எல்லோருக்கும் நேர்வதுதான். ஆனால் ஒவ்வொரு பழுதுப் பொருளையும் வீட்டில் பிரித்துப் பார்க்கும்போது, இந்த இடத்தில் அவளுடைய கை எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதும், சில நாள் அந்த நினைவு மங்கலாகவே வருவதும் அவரை அச்சுறுத்தின. முகம் புகைப்படத்தில் இருந்தது. கையை யாரும் படம் எடுத்து வைக்கவில்லை.

அந்த நாட்களில் பூரணி ஸ்டோர்ஸ் முதலாளி தங்கப்பழத்துக்கும் ஒரு கவலை இருந்தது. தீபாவளிக் குலுக்கல் பரிசுக்கென்று பில் போடும் இடத்தில் வாங்கிவைத்த மின்னஞ்சல் முகவரிகள் அறுநூற்றுப் பன்னிரண்டு இருந்தன. அவ்வளவு பேருக்கும் வெள்ளிக்கிழமைதோறும் அவருடைய மகள் ‘இன்னும் இரண்டே நாட்கள்’ என்று கடிதம் அனுப்பினாள், அந்த இரண்டு நாட்கள் இரண்டு ஆண்டுகளாக முடியாமல் இருந்தன, அறுநூற்றுப் பன்னிரண்டு பேரில் கடிதத்தைத் திறந்தவர்கள் பதினொருவர் என்று கணிப்பொறி காட்டியது, அந்தப் பதினொருவரில் ஒருவர் தங்கப்பழம். மகள் திருமணமாகி ஓசூருக்குப் போனதும் வேலை திருமேனிநாதனிடம் வந்தது. நம்மை நம்பி ஒருவர் முகவரி கொடுத்தால் பதிலுக்கு அவர் கையில் பயனுள்ள ஒன்றை நாம் வைக்க வேண்டும், வெறும் கூச்சலை வைக்கக்கூடாது என்று திருமேனிநாதன் ஒரு நாழிகை விளக்கினார்.

“வையுங்க அய்யா, நல்லா வையுங்க. செலவில்லாம வையுங்க” என்றார் தங்கப்பழம்.

மாசி மாதத்து வெள்ளியொன்றில் முதல் கடிதம் போயிற்று. அதில் தள்ளுபடி இல்லை, பரிசு இல்லை, ‘முந்துங்கள்’ என்ற சொல் இல்லை. மதிப்பிற்குரிய சந்தாதாரப் பெருமக்களுக்கு வணக்கம் கூறி, கத்தரிக்காய் தெரிந்தெடுக்கும் முறையை, வளையலைத் தள்ளுவதிலிருந்து காம்பின் கீழே அழுத்துவது வரையில், ஓர் அசைவும் விடாமல், ஆறு பத்திகளில் எழுதியிருந்தார். மனைவியின் பெயரைக் குறிப்பிடவில்லை. ‘அறிந்த ஒருவரின் கை’ என்று மட்டும் எழுதினார். மறந்துபோவதற்குள் எழுதிவைத்துவிட வேண்டும் என்பதே அவருடைய உள்நோக்கம். பிறருக்குப் பயன்பட்டால் அது கூடுதல்.

மறுநாள் சனிக்கிழமைச் சந்தையில், மின்வாரியத்தில் கணக்கராக இருக்கும் கொடுவாள் மீசைக்காரர் ஒருவர் காய்க்காரி இருளாயியின் சாக்குக்கு முன்னால் குந்தினார். குந்தியவர் தம்முடைய ரோமம் மண்டிய வலக்கையில் இல்லாத வளையல்களை இடக்கையால் மேலே தள்ளிவிட்டார், அவருடைய சுண்டுவிரல் விறைத்துக்கொண்டு தனியே நின்றது, கட்டைவிரல் காம்பின் கீழே அழுத்தி அழுத்தி நகர்ந்து, சொத்தையெல்லாம் ஒரு சாண் தள்ளிவைக்கப்பட்டு, நல்ல காயெல்லாம் ஒரு பக்கம் சேர்ந்தது. இருளாயி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது ஆண்டுகளாக அவளுடைய சாக்கில் விளையாடிய கை அது.

“ஏம்மா, இம்புட்டு நாளா எங்க போயிருந்தீக?” என்று அந்தக் கையைப் பார்த்துக் கேட்டாள்.

மின்வாரியக் கணக்கர் தாம் அம்மா அல்லவென்று சொன்னார். அவளுக்கும் அது தெரிந்தே இருந்தது. அவரோடு அவள் பேசவில்லை.

அன்று பொழுது சாய்வதற்குள் கடிதத்தைத் திறந்து படித்தவர்கள் அத்தனை பேருடைய வலது கையும் துணைமாலையம்மாளின் கையாகவே காய் பொறுக்கியது என்பது சந்தை முழுக்கத் தெரிந்துவிட்டது. செய்தி கேட்டு மறு சனிக்கிழமை திருமேனிநாதன் போய்ப் பார்த்தார். இரண்டாம் கடிதம் தேங்காயைப் பற்றியது; தேங்காய்க் குவியலின் முன் ஐந்து பேர் நின்றார்கள். ஐந்து பேரும் நகத்தால் இரண்டு முறை சுண்டி, ஒரே நேரத்தில் காதருகே கொண்டுபோனார்கள். அவர் பக்கத்திலிருந்த கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். பின்பு வீட்டுக்குப் போய், அடுத்த வெள்ளிக்கு முருங்கைக்காயைப் பற்றி எழுதினார்.

ஊர் இதை ஒரு மாதத்துக்குள் தன் வழக்கத்தோடு சேர்த்துக்கொண்டது. கைப்பேசி உள்ளவர்கள் எல்லாம் பூரணி ஸ்டோர்ஸ் வாசலில் நின்று முகவரி எழுதிக் கொடுத்தார்கள், முகவரி இல்லாதவர்களுக்குப் பேருந்து நிலையத்துக் கணினிக் கடைக்காரர் உண்டாக்கிக் கொடுத்தார், அறுநூற்றுப் பன்னிரண்டு என்பது வைகாசியில் ஆயிரத்தைத் தாண்டி ஆடியில் மூவாயிரத்து நூற்று நாற்பதாயிற்று. எதுவும் இல்லாத முதியவர்கள் பக்கத்து வீட்டில் போய், நாளைக்குக் காலையில் கொஞ்சம் கையை இரவல் கொடு என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கு இல்லையென்று சொல்வது அழகல்ல என்றாயிற்று. பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணுக்குப் பாடத் தெரியுமா என்று கேட்பதை விட்டுவிட்டுக் கடிதம் வருகிறதா என்று கேட்டார்கள். வளையல் தள்ளும் அசைவை மட்டும் ஆண்கள் சிலர் வெட்கப்பட்டு மறைத்துப் பார்த்தார்கள், மறைத்தால் கை வேலை செய்யாதென்று கண்டதும் வெட்கத்தை விட்டார்கள். பள்ளிவாசல் தெருக்காரர்களின் கையும் மாதா கோயில் தெருக்காரர்களின் கையும் சந்தையில் ஒன்றையொன்று தொட நேர்ந்தபோது, ஒரே கை இரண்டாக நின்று தயங்குவதுபோலத் தயங்கி, பின்பு ஒதுங்கி வழிவிட்டன.

வியாபாரிகள் முதலில் கோபப்பட்டார்கள். தொட்டுப் பார்க்கக் கூடாதென்று அட்டை எழுதித் தொங்கவிட்டார்கள். உயிரோடு இருந்தபோது அந்த அம்மா ஒருத்தி பண்ணின பாட்டை இப்போது மூவாயிரம் பேர் பண்ணுகிறார்கள் என்று இருளாயி ஊரெல்லாம் முறையிட்டாள். முறையிட்டுக்கொண்டே, காலையில் மதுரைச் சரக்கு வந்து இறங்கும்போது தன் கைப்பேசியைத் திறந்து கடிதத்தைப் படித்துவிட்டுப் போய் நல்ல மூட்டையாகப் பார்த்து எடுத்தாள். சொத்தைக் காயும் கல் கலந்த பருப்பும் பரளிக்குளத்தில் இறங்குவது சிறுகச் சிறுக நின்றது.

சனிக்கிழமைதோறும் திருமேனிநாதன் சந்தைக்கு வந்து, எதையும் வாங்காமல், சாக்குகளின் ஓரமாக நடந்துகொண்டே கைகளைப் பார்ப்பார். வேறொரு முதியவர் இவ்வாறு பெண்களின் கையைப் பார்த்துக்கொண்டு திரிந்தால் ஊர் என்ன சொல்லியிருக்குமோ, இவரை ஒன்றும் சொல்லவில்லை. அவர் வருவது தெரிந்தால் பெண்கள் காயை இன்னும் நிதானமாகப் பொறுக்கினார்கள்; கால் கிலோ வெண்டைக்காய்க்குக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டவர்களும் உண்டு.

அவருக்கு மட்டும் அந்தக் கை வாய்க்கவில்லை. கடிதம் அனுப்புகிறவர் பட்டியலில் இல்லாததே காரணம் என்று எண்ணி, கணினிக் கடையில் தமக்கும் ஒரு முகவரி உண்டாக்கிக்கொண்டு, தம் கடிதத்தைத் தாமே பெற்று, இரண்டு முறை வாய்விட்டுப் படித்துவிட்டு இருளாயியிடம் போனார். அவருடைய கை அவருடைய கையாகவே இருந்தது. எடுத்த நான்கு காயில் மூன்று சொத்தை. இருளாயி அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு வேறு போட்டுக் கொடுத்தாள், அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. அதன்பின் திருமேனிநாதன் ஆசைப்பட்டதெல்லாம் ஒன்றுதான்: அந்தக் கை ஊரில் இருக்க வேண்டும், சனிக்கிழமைகளில் தாம் அதைப் பார்க்க வேண்டும். அதற்குக் கடிதம் நிற்காமல் போக வேண்டும்.

புரட்டாசி பிறந்தபோது அவரிடம் எழுதுவதற்குச் சரக்குக் குறைந்துவிட்டது. வெல்லம், விளக்குமாறு, வெண்கலப் பானை, தாழம்பாய், பூட்டு, குடை என்று அவள் தொட்டதெல்லாம் எழுதியாயிற்று. ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. அதை எழுதுவதில்லை என்று அவர் உறுதி செய்திருந்தார்.

தங்கப்பழம் ஒரு நாள் நண்பகலில் வீடு தேடி வந்தார். கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். தீபாவளிக்கென்று வடக்கேயிருந்து நானூறு சேலை வாங்கிப் போட்டுவிட்டதாகவும், கண்ணுக்கு அழகாக இருப்பதாகவும், கடிதம் படித்தவர்கள் வந்து விரலை நனைத்து ஓரத்தைத் தேய்த்துப் பார்த்துவிட்டு ஒரு சாண் தள்ளிவைத்துவிட்டுப் போவதாகவும், இப்படியே போனால் தை மாதத்துக்குமேல் கடை இருக்காதென்றும், கடை இல்லையென்றால் கடிதமும் இல்லையென்றும் கூறினார். அவர் மிரட்டவில்லை. உள்ளதைச் சொன்னார்.

“நான் பொய் எழுதச் சொல்லல அய்யா. ஒரு வரி கூட்டி எழுதச் சொல்றேன். இருபத்திரண்டு பேருக்குத் தீபாவளிக்குப் போனஸ் போட்டாகணும். உங்க வீட்டம்மா கைக்கு அந்த இருபத்திரண்டு பேரத் தெரியாது.”

கடை நின்றால் கடிதம் நிற்கும், கடிதம் நின்றால் கை போய்விடும் என்று திருமேனிநாதன் கணக்கிட்டார். மூவாயிரம் நல்ல வரிகளுக்கு நடுவே ஒரு பொல்லாத வரி கரைந்துபோகும் என்றும் கணக்கிட்டார். தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு போன கடிதத்தில், பட்டு நூலின் தரம் காணும் முறையைப் பற்றி முன்பு எழுதியதையே மாற்றி எழுதிய ஆறு பத்திகளுக்கு அடியில், பூரணி ஸ்டோர்ஸின் இவ்வாண்டுச் சேலைகளில் சாயம் ஒரு சொட்டும் போகாது, இதற்கு இக்கடிதம் எழுதுபவனே பொறுப்பு, என்று எழுதினார். முப்பத்தோராண்டில் அவர் எழுதிய வரிகளில் இலக்கணச் சுத்தமான வரி அது.

மறுநாள் கடையில் கூட்டம் தாங்கவில்லை. கடிதம் படித்த கைகள் வழக்கம்போல விரலை நனைத்துத் தேய்த்தன, வெளிச்சத்தில் பார்த்தன, புறங்கையால் சேலையை ஒரு சாண் தள்ளிவைத்தன. கைக்கு உரியவர்கள் தள்ளிவைத்ததை இடக்கையால் இழுத்து வைத்துக்கொண்டார்கள். வலக்கை மறுபடி தள்ளியது, இடக்கை மறுபடி இழுத்தது. சிலர் தம் வலக்கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பணம் கொடுத்தார்கள். நானூறு சேலையும் மூன்றே நாளில் போயிற்று, இருபத்திரண்டு பேருக்கும் போனஸ் போடப்பட்டது.

தீபாவளியன்று விடியற்காலை தூறலிட்டது. கோயிலுக்குப் போனவர்கள் திரும்பி வந்தபோது தெருவில் சிவப்பும் பச்சையும் நீலமுமாக நீர் ஓடியது, பெண்களின் கால்கள் முழங்கால் வரை மயில்நிறமாயின, இடுப்பிலிருந்த குழந்தைகளின் கன்னங்களில் சாயம் இறங்கிப் பத்து நாள் கழுவியும் போகவில்லை. தீபாவளிக்கு அடுத்த சனிக்கிழமை சந்தைக்கு வந்தவர்களின் சுண்டுவிரல்கள் மற்ற விரல்களோடு சேர்ந்து மடங்கின. யாரும் வளையலைத் தள்ளவில்லை. மின்வாரியக் கணக்கர் நான்கு கத்தரிக்காயை எடுத்துக் கண்ணால் பார்த்துவிட்டுப் பையில் போட்டார். திருமேனிநாதன் சந்தையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தார், மறுபடி திரும்பி நடந்தார். நூற்றுக்கணக்கான கைகள் இருந்தன. அவள் கை ஒன்றுகூட இல்லை.

சேலையைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்களுக்குக் கடையில், பில்லின் அடியில் அச்சிட்டிருந்த வரியைக் காட்டினார்கள். விற்ற பொருள் எக்காரணம் கொண்டும் திரும்பப் பெறப்படமாட்டாது என்னும் அந்த வரியையும் இயற்றியவர் திருமேனிநாதனே. ‘எக்காரணம் கொண்டும்’ என்பதில் அவருக்கு நெடுநாளாக ஒரு பெருமை உண்டு.

பள்ளிவாசல் தெருவில் தையல் வேலை செய்யும் மெகராஜ் சண்டை பிடிக்கவில்லை. மகளின் வளைகாப்புக்கென்று எடுத்த சேலையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நேரே வடக்கு ரத வீதிக்கு வந்து, நிலைப்படிக்கு வெளியே நின்று சொன்னாள்.

“அவுக கை வேணாம் வேணாம்னு தள்ளுச்சுண்ணே. நாந்தான் உங்க எழுத்த நம்பி இழுத்து வச்சுக்கிட்டேன்.”

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். திருமேனிநாதன் அன்று சமைக்கவில்லை. அவர் எழுதுவதில்லை என்று உறுதி செய்திருந்த அந்த ஒன்று அவருக்கு முன்னால் வந்து நின்றது.

துணைமாலை இறப்பதற்கு முந்தைய சித்திரையில், அவளில்லாமல் அவர் தாமே பூரணி ஸ்டோர்ஸில் அவளுக்கு ஒரு செருப்பு வாங்கி வந்தார். அவள் காலுக்கு அது ஓர் அளவு பெரிது. அவள் அதைக் கையிலெடுத்ததுமே புறங்கையால் ஒரு சாண் தள்ளிவைத்தாள், நடந்தால் கழன்று கழன்று போகிறது, மாற்றிக்கொண்டு வாருங்கள் என்றாள், இரண்டு நாள் பொறுத்து மறுபடி சொன்னாள். அவர் பில்லை எடுத்து அந்த வரியை அவளுக்குப் படித்துக் காட்டினார். நானே எழுதிய வாசகத்தை நானே மீறிப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதா என்று கேட்டார். அவள் செருப்பின் முனையில் கந்தைத் துணியைத் திணித்துப் போட்டுக்கொண்டாள். வைகாசி மாதத்துக் கோடைமழை நாளில், ரேஷன் கடைப் படியில் அந்தச் செருப்பு வழுக்கி இடுப்பு முறிந்தது. நாற்பத்தொரு நாள் கிடந்து இறந்தாள். விழுந்தது மழையினால் என்று அவர் எல்லோரிடமும் சொன்னார். அவளும் அவ்வாறே சொல்லிக் காப்பாற்றினாள்.

இவற்றையெல்லாம் அவர் அடுத்த பதினெட்டு நாட்களில் எழுதினார். எழுதியதைப் பலமுறை அடித்தார், அலங்காரமான சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார், முடிவில் அது ஒன்றரைப் பத்தியாக நின்றது. சேலையைப் பற்றித் தாம் எழுதியது பொய் என்பது முதலில் இருந்தது, செருப்பு அடுத்து இருந்தது, அவளுடைய பெயர் கடைசியில் இருந்தது. உண்மையை எழுதினால் கை திரும்பி வரக்கூடும் என்று அவர் நம்பினார்.

தங்கப்பழம் அதை நின்றபடியே படித்தார்.

“இது போனா நாளைக்குச் சேலையைத் தூக்கிட்டு வந்து வாசல்ல நிப்பாங்களே, அய்யா.”

“நிற்பார்கள்.”

“மாத்திக் கொடுக்கணும்.”

“கொடுக்க வேண்டும்.”

தங்கப்பழம் மறுபடியும் ஒருமுறை படித்தார். அந்தச் செருப்பை அன்று விற்றவர் தாமே என்பது அவருக்கு நினைவு வந்ததோ என்னவோ, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அச்சகத்துக்குத் தொலைபேசி செய்து, புதுப் பில் புத்தகங்களில் அந்த வரி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அனுப்பும் விசையைத் தம் விரலாலேயே அழுத்தினார். அது வெள்ளிக்கிழமை.

சனிக்கிழமை திருமேனிநாதன் சந்தை கூடுவதற்கு முன்பே போய்விட்டார். வெளுத்த வேட்டி கட்டியிருந்தார். வெயில் ஏறியது, சாக்குகள் விரிந்தன, சனங்கள் வந்தார்கள். மின்வாரியக் கணக்கர் இருளாயியின் முன்னால் குந்தி, இல்லாத வளையல்களை இடக்கையால் மேலே தள்ளினார். அவருடைய சுண்டுவிரல் எழுந்து நின்றது. தேங்காய்க் குவியலில் ஒரு பெண் இரண்டு முறை சுண்டிக் காதருகே கொண்டுபோனாள், அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி, அதற்கப்பால் ஒரு கிழவர். எங்கு பார்த்தாலும் வளையல்கள் தள்ளப்பட்டன, சுண்டுவிரல்கள் விறைத்து நின்றன. திருமேனிநாதன் இருளாயியின் சாக்கருகே போய் நின்றார்.

பின்பு அவர் ஒன்றைக் கவனித்தார். துணைமாலை பொருளைப் பார்த்துக்கொண்டே வளையலைத் தள்ளுவாள். இவர்கள் அவரைப் பார்த்துவிட்டுத் தள்ளினார்கள். அவளுடைய சுண்டுவிரல் தன்பாட்டுக்கு நிற்கும். இந்த விரல்கள் பிடித்து நிறுத்தப்பட்டு நடுங்கின. கணக்கர் எடுத்து ஒரு பக்கம் சேர்த்த காய்களில் பாதி சொத்தை. இருளாயி அதைக் கண்டும் காணாததுபோல, தராசில் ஏற்றும்போது மெதுவாக மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். மூவாயிரம் பேரும் கடிதத்தைப் படித்திருந்தார்கள். படித்துவிட்டு, யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், வீட்டிலேயே பழகிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

அவர் அவர்களுக்கு நடுவே நடந்தார். எல்லோரும் குனிந்து, கண்ணும் கருத்துமாக, தவறான காய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். வெண்டைக்காய்ச் சாக்கின் முன்னால் மெகராஜ் இருந்தாள். அவளுடைய விரலோரத்தில் நீலச் சாயம் இன்னும் போகாமல் இருந்தது. சுண்டுவிரலை அவள் நெடுநேரமாக நிறுத்தி வைத்திருந்ததால் அது வெளிறி, தனியே துடித்துக்கொண்டிருந்தது. திருமேனிநாதன் அவளுக்கு எதிரே மெல்லக் குந்தினார்.

“விரல் வலிக்கும் தாயி” என்றார். “மடக்கிக்கோ.”

மெகராஜ் அவரைப் பார்த்துவிட்டு விரலை மடக்கினாள். அவளைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவள் மடக்கினாள், அதற்கடுத்து கணக்கர், அதற்கடுத்து தேங்காய்க் குவியலில் நின்றவர்கள் என்று, அந்தச் சந்தையின் இக்கரையிலிருந்து அக்கரை வரை விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. மடங்கியபின் அவரவரும் தத்தம் கையாலேயே தமக்குத் தெரிந்தமட்டில் காய் பொறுக்கத் தொடங்கினார்கள்.

துணைமாலையம்மாளின் வலது கை இனிப் பரளிக்குளத்துக்கு வருவதில்லை என்பது இவ்வாறு முடிவாயிற்று. அன்று விசுவாவசு ஆண்டு கார்த்திகைத் திங்கள் பதின்மூன்றாம் நாள், சனிக்கிழமை.